குரலுக்கு ஏற்ற முகம்

கொழிஞ்சாம்பாறை
14.7.2024

அன்புள்ள ஜோமோள் அக்காவுக்கு,

முதலில் ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். அப்பாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. படித்ததும் கிழித்துவிடு. மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போ.

செய்துவிட்டாயா? சரி. நான் சுகம். நீ சுகமா? மூணாற்றில் மழை விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் எதையும் பேச முடியவில்லை. வார்டன் சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறார். உதடு மாதாவிடம் இருக்கும், காது என்னிடம் இருக்கும். அதனால்தான் கடிதம். எல்லோரும் தூங்கிய பிறகு இஸ்திரி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பதிலைச் சிவசங்கரி வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. என் வகுப்புத் தோழி, இந்த ஊர்க்காரி. அவள் அம்மா கற்பகம் அத்தை நல்லவர். போன வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். "ஏங்கண்ணு, எஸ்டேட்டுப் புள்ளைன்னு சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க. எத்தன சுத்தமா இருக்கற!" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். பாராட்டுகிறார் என்று சிரித்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது.

பள்ளியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். விருந்தினரை வரவேற்கத் தாலம் ஏந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது டீச்சர் என் தாடையைப் பிடித்துப் பார்த்து, "கறுத்திட்டாணெங்கிலும் நல்ல முகஸ்ரீ" என்றார். கறுப்பாக இருந்தாலும் முகத்தில் களை இருக்கிறதாம். அந்தக் களையோடு என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். வரவேற்புரையை எழுதியது நான். வாசித்தது வேறு பெண். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

இப்போது விஷயம். கடைவீதிக்குப் பின்னால் ஒரு பார்லர் இருக்கிறது. அங்கே ஒரு கிரீம் கொடுக்கிறார்கள். சின்ன வெள்ளை டப்பா, மேலே பெயர் எதுவும் கிடையாது. கொஞ்ச நாளாக ராத்திரியில் பூசிக்கொண்டு படுக்கிறேன். வேலை செய்கிறது அக்கா. திட்டாதே.

உன் தங்கை,
பின்சி


மூணாறு
27.7.2024

அன்புத் தங்கை பின்சிக்கு,

அக்கா நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள், முட்டையை ஒதுக்காமல் சாப்பிடு.

திட்டத்தான் பேனா எடுத்தேன். உனக்கு எதற்குடி கிரீம்? வீட்டில் மூளை உனக்குத்தானே என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். இதுவும் கற்பகம் அத்தை ஊற்றிய குழம்பு மாதிரிதானே!

நான் இந்த ரிசார்ட்டில் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கும் எல்லோரிடமும் அம்மா "ஆபீஸ் வேலை" என்கிறாள். சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. ரூம் கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி. போன வாரம் ஓர் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசி, அவர் மாமியாருக்கு மூட்டுவலி என்று கீழ்த்தள அறை ஒதுக்கி வைத்தேன். அவர் வந்து இறங்கியதும் ரிசப்ஷனில் நின்ற தமிழ்ப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போன்ல பேசுனது நீங்கதானே? குரலைக் கேட்டதுமே நினைச்சேன், இப்படித்தான் இருப்பீங்கன்னு" என்றார். நான் சாவிக் கொத்தோடு பின்னால் நின்றேன். தமிழ்ப்ரியா, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

முன்னால் நிற்க நானும் ஒரு தடவை மேனேஜரிடம் கேட்டேன். "ஜோமோளுக்குக் குரல் தங்கம். அந்தக் குரலுக்கு ஏத்த முகமும் இருந்திருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்" என்று சிரித்தார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் தேங்க்ஸ் சொன்னேன்.

சத்தியம் செய்துவிட்டேன், பயப்படாதே. கடிதத்தைக் கிழித்தாயிற்று.

அக்கா,
ஜோமோள்

அந்த டப்பா அந்தப் பார்லரில் மட்டும்தான் கிடைக்குமா?


கொழிஞ்சாம்பாறை
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமே வேண்டுகிறேன். உன் கடிதத்தின் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் தெரியுமா? நீயும் என் கட்சி என்று அவ்வளவு சந்தோஷம்.

ஓணம் லீவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். பவுடர் டப்பாவுக்குள் மறைத்து வைப்பேன். ராத்திரியில் முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் மெல்லிசாகத் தடவு. வெயிலில் போகக் கூடாதாம். "வேற ஆருகிட்டயும் கேக்காதீங்க, கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றார் பார்லர்க்கார அக்கா.

டீச்சர் நேற்று என்னைப் பார்த்து, "பின்சிக்கு இப்போ ஆகெ ஒரு மாற்றம்" என்றார். ஆளே மாறிவிட்டேனாம். அடுத்த விழாவில் எந்த வரிசை என்று பார்ப்போம்.

பின்சி


மூணாறு
20.10.2024

என் தங்கப் பின்சிக்கு,

உனக்கு ஆயிரம் தோத்திரம். நான் சுகம் என்று எழுதினால் போதாது. நான் முன்னால் நிற்கிறேன்!

சாயங்கால ஷிஃப்ட்டுக்கு ரிசப்ஷன் கொடுத்துவிட்டார்கள். சாம்பல் நிறக் கோட்டு, பெயர் எழுதிய பட்டை எல்லாம் தந்திருக்கிறார்கள். நேற்று ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெரியவர், "போனில் பேசினது நீயாம்மா? நினைச்ச மாதிரியே இருக்கே" என்றார். கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஊருக்கு, உடும்பஞ்சோலைக்குப் போனேன். அம்மா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தாள், விரலெல்லாம் கறை. வாசலில் நின்ற என்னை உற்று உற்றுப் பார்த்து, "ஏட்டி, யாரு பெத்த புள்ளையோன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அப்புறம் கன்னத்தைத் தொடப் போனவள், தன் கையைப் பார்த்துவிட்டுத் தொடவில்லை. ராத்திரி அப்பாவிடம் மெதுவாக, "எங்கிட்ட இருந்து அவளுக்கு ஒண்ணும் வரல போலுக்கே" என்று சொன்னது கேட்டது. பெருமையாகச் சொன்னாளா என்னவென்று தெரியவில்லை.

உனக்கும் மாறியிருக்குமே? டீச்சர் எந்த வரிசையில் நிறுத்தினார்?

முத்தங்களுடன்,
ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

பரீட்சை வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. முன்வரிசையில்தான் நிறுத்தினார்கள். ஆனால் முகத்தில் அரிப்பு வந்தது. போன வாரம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஒருவர் பள்ளிக்கு வந்து வகுப்பு எடுத்தார். என்னென்னவோ சொன்னார். நான் இப்போது கிரீம் போடுவதில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உனக்கு ஒத்துக்கொள்கிறது அல்லவா? அரிப்பு ஒன்றும் இல்லையே?

ரிசப்ஷனில் உட்கார நாற்காலி உண்டா? என் அக்கா ரிசார்ட்டில் முன்னால் நிற்பவள் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

பின்சி


மூணாறு
8.12.2024

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் அரிப்பு விட்டதா? தேங்காய் எண்ணெய் தடவு.

எனக்கு அரிப்பெல்லாம் இல்லை. நர்ஸ் என்ன சொன்னார்? எழுதவே இல்லையே. சரி, அவர்கள் எதைத்தான் நல்லது என்றார்கள்! நாற்காலி கிடையாது. சீசன் தொடங்கிவிட்டது, ஒரே நிற்பு. சாயங்காலம் செருப்புக் கழற்றினால் வார் பதிந்த தடம் மறுநாள் காலைவரை இருக்கிறது. ஆனால் உடம்பு பிடித்திருக்கிறது. ஒட்டிப்போயிருந்த கன்னம் இப்போது உப்பிக்கொண்டு வந்திருக்கிறது. "நிறத்தோட இப்ப சதையும் வந்திருச்சு, இதுக்கு முன்னால நெத்திலிக் கருவாடு மாதிரி இருந்தே" என்கிறாள் தமிழ்ப்ரியா. அவள் பாராட்டினால் உடனே தராசை எடுத்து இன்னொரு தட்டிலும் ஏதாவது வைத்துவிடுவாள்.

என் டப்பா தீரப்போகிறது. நீ போடவில்லை என்றால் உன்னுடையதைக் கிறிஸ்துமஸுக்கு வரும்போது கொண்டுவா.

ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கொண்டுவருகிறேன்.

பின்சி


மூணாறு
12.1.2025

அன்புள்ள பின்சிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நீ கொழிஞ்சாம்பாறைக்குப் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். லீவில் நீ என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. டப்பாவைக் கொடுக்கும்போதுகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கோபமா? நான் உன்னைவிட வெளுத்துவிட்டேன் என்றா? சும்மா கேட்டேன்.

கிறிஸ்துமஸ் பாதிராப் பூசை ஞாபகம் இருக்கிறதா? கோயில் வாசலில் லயத்து அக்காமார்கள், "மதலேனம்மா, ஒம்மவளா இது? இம்புட்டு வெளுப்பு எங்கட்டி ஒளிஞ்சு கெடந்துச்சு? இப்பத்தான் கன்னம் வச்சு பொம்பளப்புள்ள மாதிரி இருக்கா" என்று சுற்றி நின்றார்களே. அம்மாவும் சிரித்தாள். நீ மட்டும் மெழுகுத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது அந்தக் கால் செருப்புக்குள் போகவில்லை. காலையில் எழுந்தால் கண் இமை திறக்க மாட்டேன் என்கிறது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். சிறுநீரில் நுரை வருகிறது, இதை உன்னிடம்தான் எழுத முடியும். இங்கே ஒரு டாக்டரிடம் போனேன். நிற்கிற வேலை, உப்பைக் குறை என்றார். வேறு ஏதாவது மருந்து, கிரீம் உபயோகிக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா?

பதில் எழுது.

ஜோமோள்


ஆஸ்பத்திரி, கோட்டயம்
2.2.2025

பின்சி,

நீ நலமா? பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

என்னை இங்கே சேர்த்திருக்கிறார்கள். உடம்பில் இருக்கும் சத்து எல்லாம் சிறுநீரில் போகிறதாம். எதனால் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அம்மா வேலைக்குப் போகாமல் கூடவே இருக்கிறாள். விரல் மடங்கவில்லை, அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

ரிசப்ஷனில் மறுபடி தமிழ்ப்ரியா மட்டும்தான். நேற்று பார்க்க வந்தாள். பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல், "சீக்கா இருந்தாலும் முகம் மட்டும் பளிச்சுன்னு இருக்குப்பா" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கிறது.

டப்பா என் பைக்குள் சேலைக்கு அடியில் இருக்கிறது. அம்மா பார்க்கவில்லை. நீ கவலைப்படாதே.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
9.2.2025, ராத்திரி

என் அக்காவுக்கு,

இதை எல்லோரிடமும் காட்டு. அம்மாவிடம், அப்பாவிடம், டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம்கூடக் காட்டு. கிழிக்காதே. உன் சத்தியத்தை நான் எடுத்துக்கொண்டேன், அது இனி உன்மேல் இல்லை.

அந்த டப்பாவைத் தொடாதே. அதைத் தூக்கியும் போடாதே. டாக்டர் கையில் கொடு.

நர்ஸ் என்ன சொன்னார் என்று கேட்டாயே. பெயர் ஒட்டாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள், அது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், முகமும் காலும் வீங்கும் என்று சொன்னார். இதைத்தான் சொன்னார். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். ஒரு வார்த்தை தவறாமல் கேட்டேன். அன்று ராத்திரியே நிறுத்திவிட்டேன். உனக்கு "என்னென்னவோ சொன்னார்" என்று எழுதினேன்.

டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. அதைத்தான் கிறிஸ்துமஸுக்கு உன் கையில் கொடுத்தேன். உன் காலைப் பார்த்த பிறகு, பூசை முடிந்த மறுநாள் கொடுத்தேன். சிலருக்குத்தான் அப்படி ஆகும், எல்லோருக்கும் ஆகாது, நின்று நின்று வீங்கியிருக்கும் என்று எனக்கு நானே டாக்டராக இருந்துகொண்டேன்.

பயம் என்று எழுதினால் அது பாதிதான். மற்றப் பாதியை எழுத வெட்கமாக இருக்கிறது. என் அக்கா ரிசப்ஷனில் நிற்கிறாள் என்று இங்கே சொல்லும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் உண்டு. நிறம் இல்லாவிட்டாலும் பின்சிக்கு மூளை இருக்கிறது என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரியும். ஆனால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைவீதிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் ஏமாந்தவள் என்று தெரிந்துவிட்டால், அந்த மூளையும் இல்லை என்று ஆகிவிடுமே. அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? அதற்காக உன்னை வீங்க விட்டேன்.

உன் கடைசிக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் பயாலஜி வகுப்பில் சிறுநீரகப் பாடம் நடந்தது. சிறுநீரில் ஆல்புமின் வெளியேறினால் உடம்பில் என்ன தெரியும் என்று டீச்சர் கேட்டார். யாரும் எழவில்லை. என் கை தானாக எழுந்தது. காலையில் கண் இமை வீங்கும், கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும், நுரை வரும், மோதிரம் கழற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "கேட்டோ? லயத்தில் நின்னு வந்ந குட்டியாணு பறயுன்னது!" என்றார். லயத்திலிருந்து வந்த பிள்ளை சொல்கிறாளாம். எல்லோரும் கை தட்டினார்கள். மோதிரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவசங்கரி மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும், "ஏன்டி, உங்கக்காளுக்கா?" என்றாள். இல்லை என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாஸ்டல் போனில் அம்மாவோடு பேசினேன். "அக்கா தூங்குதாட்டி. டாக்டர்மாரு எல்லாத்தையும் கேக்காங்க, எங்களுக்கு என்ன தெரியும்? நீ படிச்ச புள்ள, ஒனக்கு ஏதாச்சும் தோணுதா?" என்று கேட்டாள், அக்கா. அம்மா என்னிடம் கேட்டாள். வார்டன் சிஸ்டர் பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். "ஜெபம் பண்ணிக்கிறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. எல்லோரும் படுத்ததும் இங்கே, இஸ்திரி அறைக்கு வந்தேன். எழுத எழுத ஒன்று தெரிகிறது. இது உன்னிடம் வந்து சேர நாளாகும். அதற்குள் நீ இன்று ராத்திரியும் பூசுவாய், நாளையும் பூசுவாய். முதுகில் ஊசி போடுவார்கள், எதனால் என்று தெரியாமலே போடுவார்கள். போன் வார்டன் சிஸ்டர் அறையில் இருக்கிறது. இந்த வராந்தாவின் அந்தக் கோடிதான். நாலு தடவை எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதுவதுகூட ஒளிந்துகொள்வதுதான் போலிருக்கிறது.

நீ பிழைத்து வா. என்னை அடி. மறுபடி கறுப்பாகி, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து எல்லோரிடமும் பேசு. அம்மா உன் கன்னத்தைத் தொடட்டும்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். "ஆரா அகத்து?" உள்ளே யார் என்கிறார் வார்டன் சிஸ்டர். அக்கா, எப்போதும் போலக் காகிதத்தை மடியில் செருகக் கை போகிறது. செருக மாட்டேன். இப்படியே, மை காயாமல், அவர் கையில் கொடுக்கிறேன்.